பீமேஸ்வரியில் மூன்று இரவுகள்: கோடையில் காவிரிக்கரையில் தங்க ஒரு முழுமையான வழிகாட்டி

கோடை விடுமுறை என்றதும் நம் கால்கள் மலையை நோக்கித்தான் திரும்புகின்றன. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் வாங்க வேண்டும் என்ற நிலை 2024 மே மாதம் வந்தது. அந்த அளவுக்கு அங்கே நெரிசல். மலையை விட்டுவிட்டு, ஆற்றங்கரைக்குப் போய்ப் பாருங்கள் என்று சில ஆண்டுகளாக நண்பர்களிடம் சொல்லி வருகிறேன். வெயில் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் மருத மர நிழலில் நீரைப் பார்த்தபடி கழியும் ஒரு பகல் தரும் ஓய்வு, மலைப்பாதையில் வண்டிகளின் வரிசையில் நிற்பவருக்குக் கிடைப்பதில்லை.

நான் சொல்லும் இடம் பீமேஸ்வரி. கர்நாடகத்தில் மண்டியா மாவட்டம், மளவள்ளி வட்டத்தில், காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இருக்கிறது. பெங்களூரிலிருந்து சுமார் 100 கி.மீ. சிவனசமுத்திரத்தில் அருவியாக விழுந்த காவிரி, காட்டுப் பள்ளத்தாக்கில் வளைந்து வளைந்து மேகதாது வழியாகத் தமிழ்நாட்டுக்கு வரும் வழியில் உள்ள கரை இது. எதிர்க்கரையில் தெரியும் மலைகள் பழைய கொள்ளேகால் வட்டத்தைச் சேர்ந்தவை. 1956 வரை கொள்ளேகால் நம் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அந்தப் பக்கம் இன்றும் தமிழ் காதில் விழும்.

முதல் முறை போனபோது இரண்டு நாட்களில் ஐந்து இடங்கள் என்று பட்டியல் போட்டேன். குழந்தைகள் பாதி நேரம் காரிலேயே தூங்கினார்கள். ஆற்றை நாங்கள் பார்த்தது மொத்தமே இரண்டு மணி நேரம். அதிலிருந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்தப் பயணத்தை நாளின் பொழுதுகளை வைத்துத் திட்டமிட வேண்டும். எத்தனை இடங்கள் பார்க்கலாம் என்று தொடங்கினால் கெட்டுவிடும். விடியலும் மாலையும் வெளியே, நடுப்பகல் நிழலில். பகல் பயணம் ஒன்றுக்கு மேல் ஒரு நாளில் வேண்டாம்.

முதலில்: எந்த வாரம்?

பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் இறுதிவரை மிக நல்ல காலம். காடு இலை உதிர்த்திருக்கும், உள்ளே இருக்கும் குட்டைகள் வற்றியிருக்கும், அதனால் விலங்குகள் ஆற்றுக்கு வரும். பள்ளிக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு இது ஒத்துவராது என்று தெரியும். அப்படியானால் ஏப்ரல் பிற்பாதியைத் தேர்ந்தெடுங்கள். மே மாதத் தொடக்கத்தில் அக்னி நட்சத்திரம் ஆரம்பித்துவிடும். பள்ளத்தாக்கில் காற்று அசையாத பிற்பகல்களைக் கைக்குழந்தைகளும் முதியவர்களும் தாங்க மாட்டார்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் மாலையில் திடீர் இடிமழை உண்டு. கன்னட நாட்டிலும் இதை மாம்பழ மழை என்றே சொல்கிறார்கள். அரைமணி நேரம் அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். மண்வாசனையும் அடுத்த நாள் காலையின் குளுமையும் அருமையானவை. ஆனால் இடி முழங்கத் தொடங்கியதும் மரத்தடியையும் ஆற்றுப்பாறையையும் விட்டுக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். ஜூன் பிறந்தபின் குடகில் பருவமழை தொடங்கும், ஆறு செந்நீராக மாறும். அது வேறு பயணம்.

கிழமையும் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்து புதன்கிழமை காலை கிளம்புவதுபோல் அமைத்துக்கொள்ளுங்கள். வார இறுதியில் பெங்களூரே இந்தப் பக்கம் வந்துவிடுகிறது. முகாமில் ஆட்கள் குறைந்தால் வழிகாட்டியிடம் நிதானமாகப் பேசலாம், பரிசல் வேண்டிய நேரத்தில் கிடைக்கும்.

நிலவையும் பாருங்கள். நாட்காட்டியில் வளர்பிறை எட்டாம் நாளை ஒட்டி வைத்தால், முன்னிரவில் அரைநிலா ஆற்றில் மினுங்கும், நள்ளிரவில் அது மறைந்தபின் வானம் முழுக்க நட்சத்திரம். இரண்டும் கிடைக்கும் கணக்கு இது.

எங்கே தங்குவது?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சரணாலயத்துக்குள் சொந்தக் கூடாரம் கொண்டுபோய் விருப்பப்பட்ட மணலில் அடிக்க முடியாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் உள்ளே நுழைவதே குற்றம். சட்டத்தை விடுங்கள். இரவில் யானை தண்ணீர் குடிக்க இறங்கும் தடத்தில் கூடாரம் அடித்துப் படுப்பவர் தன் குடும்பத்தையே ஆபத்தில் வைக்கிறார்.

எனவே, கர்நாடக அரசு நிறுவனமான ஜங்கிள் லாட்ஜஸ் அண்ட் ரிசார்ட்ஸ் நடத்தும் முகாம்கள்தான் நேர்வழி. இந்த ஆற்றோரம் மூன்று பெயர்கள் கேள்விப்படுவீர்கள்: பீமேஸ்வரி, தொட்டமாகளி, காலிபோரே. பீமேஸ்வரியில் கூடாரக் குடில்களும் மரக்குடில்களும் இருக்கின்றன. பரிசல், கயாக், கயிற்றில் சறுக்குதல் போன்றவையும் உண்டு. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இது. காலிபோரே மேகதாதுப் பக்கம், ஆர்க்காவதி ஆறு காவிரியில் கலக்கும் சங்கமத்திலிருந்து காட்டுப் பாதையில் உள்ளே போக வேண்டும். அமைதி மட்டும் போதும் என்பவர்களுக்கு அது. கூடாரம் என்றதும் பயப்பட வேண்டாம். கட்டிலும் மின்விசிறியும் கழிவறையும் கொண்ட நிலையான கூடாரங்கள்தான் இவை.

கட்டணம் ஆளுக்கு ஓர் இரவு என்ற கணக்கில், உணவும் பரிசல் சவாரியும் வழிகாட்டியோடு நடையும் சேர்த்து வாங்கப்படுகிறது. நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்திலேயே பதிவு செய்யுங்கள். எந்தெந்தச் செயல்பாடு அந்தப் பருவத்தில் நடக்கிறது என்பதைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆற்றில் நீர் குறைந்தால் சில நிறுத்தப்படும்.

இடைத்தரகர்களிடம் கவனம். ஒருமுறை 'ஆற்றங்கரைக் கூடாரம்' என்று ஒருவர் விற்றதை நம்பிப் பணம் கட்டினோம். போய்ப் பார்த்தால் ஆற்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, ஒரு தென்னந்தோப்பு. அதற்குப் பிறகு எங்கே பதிவு செய்தாலும் மூன்று கேள்விகள் கேட்கிறேன். கூடாரத்திலிருந்து நீர் எத்தனை அடி? நிலம் பட்டாவா, வனத்துறையுடையதா? இரவில் காவல் யார்? இம்மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்பவரிடம் மட்டும் பணம் கொடுங்கள்.

போகும் வழி

சென்னைக்காரர்கள் பெங்களூர் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கார் எடுப்பது உடம்புக்கு நல்லது. கனகபுரா, சாத்தனூர், ஹலகூர் வழியாகப் போகலாம். மாற்று வழி பெங்களூர்–மைசூர் சாலையில் மத்தூர் வந்து, மளவள்ளி, ஹலகூர் என்று திரும்புவது. சற்றுச் சுற்று. ஆனால் மத்தூர் வடையை அது பிறந்த ஊரிலேயே சாப்பிட்ட மாதிரி ஆயிற்று. ரவையும் மைதாவும் அரிசிமாவும் வெங்காயமும் சேர்த்துத் தட்டையாகப் பொரிப்பது. நம் தட்டையின் மொறுமொறுப்பும் வடையின் மென்மையும் ஒன்றாக இருக்கும். பயணத்துக்கு ஒரு பொட்டலம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூர், ஈரோடு பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குச் சத்தியமங்கலம், திம்பம், ஹாசனூர், சாமராஜநகர், கொள்ளேகால் வழி. திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள். புலிகள் காப்பகம் என்பதால் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. விடிந்தபின் மலையேறும்படி கிளம்புங்கள்.

எந்த வழியானாலும் பெட்ரோலும் பணமும் மருந்தும் கனகபுராவிலோ மளவள்ளியிலோ முடித்துவிடுங்கள். ஹலகூருக்குப் பின் கைபேசிச் சமிக்ஞை போய்ப் போய் வரும், பிறகு வராது. வீட்டுக்கு முன்னதாகவே சொல்லி, முகாமின் எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். மாலை ஆறு மணிக்குமுன் முகாமுக்குள் இருக்க வேண்டும். அந்திக்குப் பிறகு அந்தச் சாலையை யானைகள் கடக்கும்.

பையில் என்ன வைப்பது?

உணவு முகாமிலேயே கிடைப்பதால் சுமை குறைவுதான். பருத்தித் துணிகள், காய்ந்த புல்லோடும் பாறையோடும் கலந்துபோகும் மங்கிய நிறங்களில். முழுக்கைச் சட்டை. அகன்ற தொப்பி. பின்பட்டை உள்ள செருப்பு, நடைக்கு ஒரு ஷூ. டார்ச் ஆளுக்கொன்று. இரவில் அது இல்லாமல் கழிவறைப்பக்கம்கூடப் போகக்கூடாது, பாம்பு நடமாடும் நேரம் அது. ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், வழக்கமான மாத்திரைகள், கொசுவிரட்டி. இருநோக்கி ஒன்று இருந்தால் பயணம் இரட்டிப்பாகும். கடன் வாங்கியாவது கொண்டுபோங்கள்.

வீட்டிலிருந்து நான் தவறாமல் எடுத்துப்போவது வெல்லப்பொடி, சுக்கு, ஏலக்காய் சேர்த்த கலவை. பானைத் தண்ணீரில் கரைத்து எலுமிச்சை பிழிந்தால் பானகம். முதல் நாள் பயணத்துக்குப் புளியோதரைக் கட்டும் வறுத்த மோர்மிளகாயும். ஸ்டீல் தண்ணீர்ப் புட்டிகள். பிளாஸ்டிக்கைச் சரணாலயத்துக்குள் கொண்டுபோகாதீர்கள், போனாலும் அத்தனையும் திரும்பி வர வேண்டும். புளூடூத் ஒலிபெருக்கியை வீட்டிலேயே பூட்டி வைத்துவிடுங்கள்.

நாட்களைப் பிரிப்பது

முதல் நாள் மதியம் போய்ச் சேருங்கள். சாப்பிட்டுத் தூங்குங்கள். வெட்கப்படாமல் தூங்குங்கள், வந்தது அதற்குத்தான். நாலரை மணிக்குப் பரிசல். முன்பு மூங்கில் கூடையில் எருமைத்தோல் போர்த்திச் செய்வார்கள், இப்போது தார் பூசிய பிளாஸ்டிக் விரிப்பு. மிதவைச் சட்டை போடாமல் ஏறாதீர்கள், குழந்தைகளுக்கு அளவான சட்டை கேட்டு வாங்குங்கள். பரிசலைச் சுழற்றச் சொல்லிக் கேட்பதைவிட, துடுப்பை நிறுத்திச் சும்மா மிதக்கவிடச் சொல்லுங்கள். அப்போதுதான் பாறையில் முதலை படுத்திருப்பது கண்ணுக்குத் தெரியும்.

ஆமாம், முதலைகள் இருக்கின்றன. நீர்நாய்களும் இருக்கின்றன. சங்கப் பாடல்களில் வாளை மீன் பிடித்துத் தின்னும் நீர்நாயைப் படித்திருப்போம். இங்கே அது குடும்பத்தோடு நீந்துவதைப் பார்க்கலாம். அதிர்ஷ்டமும் பொறுமையும் வேண்டும். கரையோர மருத மரங்களில் சாம்பல் நிற மலை அணிலைத் தேடுங்கள். நம் ஸ்ரீவில்லிபுத்தூரில் எதற்காகச் சரணாலயம் வைத்தார்களோ, அதே அணில். கிளைவிட்டுக் கிளை தாவும்போது நீண்ட வால் காற்றில் மிதக்கும். ஆற்று ஆலா, பாம்புத்தாரா, மூன்று நான்கு வகை மீன்கொத்திகள், சாம்பல் தலை மீன்கழுகு ஆகியவற்றை இருநோக்கி வைத்திருப்பவர் இரண்டு காலைகளில் பார்த்துவிடலாம்.

மீன் பிடிக்கலாமா என்று கேட்பார்கள். கூடாது. ஒரு காலத்தில் இந்த முகாம்கள் மஹசீர் தூண்டில்காரர்களுக்காகவே உலகப் புகழ் பெற்றிருந்தன. 1946-இல் மைசூர்ப் பகுதியில் 120 பவுண்டு மஹசீர் ஒன்று பிடிபட்டதாகப் பதிவு இருக்கிறது. இன்று அந்தத் திமில் மஹசீர் காவிரி நீர்த்தொகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. 2018-இல் மிக அருகிய இனம் என்று அறிவிக்கப்பட்டுவிட்டது. தூண்டில் போட முடியவில்லையே என்று யாராவது குறைப்பட்டால் எனக்கு வருத்தம் வருகிறது. நம் ஆற்றுக்கே உரிய மீன் ஒன்று போய்க்கொண்டிருக்கிறது.

இரண்டாம் நாள் ஆறரை மணிக்கு வழிகாட்டியோடு நடை. ஒன்பதுக்குள் திரும்பிச் சிற்றுண்டி. பதினொன்றிலிருந்து நான்கு வரை எந்தத் திட்டமும் வைக்காதீர்கள். பல்லாங்குழி, தாயக்கட்டை, ஒரு புத்தகம், வலை ஊஞ்சல். முதல் ஒரு மணி நேரம் பிள்ளைகள் கைபேசியைத் தேடுவார்கள். பிறகு எறும்பு வரிசையைப் பார்க்க உட்கார்ந்துவிடுவார்கள். இந்த ஐந்து மணி நேரத்தைக் காப்பாற்றத்தான் மற்ற எல்லாத் திட்டமும்.

மூன்றாம் நாளும் இதே ஒழுங்குதான், ஒரு பகல் பயணத்தை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆற்றில் இறங்குவது பற்றி

குளிக்கத்தானே ஆறு என்று தோன்றும். இந்தப் பகுதிக் காவிரியில் இறங்காதீர்கள். முழங்கால் அளவு நீரில் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த அடியில் பாறை முடிந்து கசம் தொடங்கும். அதன் ஆழம் கரையிலிருந்து தெரியாது. மேலே பார்க்க அமைதியாக இருக்கும் நீர் அடியில் சுழிக்கும். பக்கத்து ஊரான முத்தத்தியிலும் சங்கமத்திலும் மேகதாதுவிலும் உயிர்ப்பலி ஆண்டுதோறும் செய்தியாகிறது. நீச்சல் தெரிந்த இளைஞர்களும் போயிருக்கிறார்கள். முதலை இருப்பதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். இதோடு, மேலே கிருஷ்ணராஜசாகர் அணையும் கபினி அணையும் உள்ளன. அங்கே நீர் திறந்தால் இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே மட்டம் ஏறும். இந்தக் கரையைத் தாண்டும் நீரைத்தான் எல்லையில் பிலிகுண்டுலுவில் அளந்து நமக்குக் கணக்கு வைக்கிறார்கள்.

கால் நனைக்க ஆசையென்றால் முகாம் பணியாளரிடம் கேளுங்கள். அவர் காட்டும் இடத்தில், அவர் நிற்கும்போது மட்டும். பாறையில் உட்கார்ந்து செம்பில் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டாலே போதும், வெயில் இறங்கிவிடும்.

பகல் பயணங்கள்

முத்தத்தி முகாமிலிருந்து சில கிலோமீட்டர்தான். ஆஞ்சநேயர் கோயில் ஒன்று கரையில் இருக்கிறது. சீதையின் முத்து மூக்குத்தி ஆற்றில் விழ, அனுமன் வாலால் துழாவி எடுத்துக் கொடுத்தார், அதனால் ஊருக்கு இந்தப் பெயர் என்பது அவ்வூர்க் கதை. வார நாளில், காலை எட்டு மணிக்குள் போய் வந்துவிடுங்கள். ஒரு மணி நேரம் போதும். வார இறுதி என்றால் தவிர்த்துவிடுவது மேல்.

சிவனசமுத்திரத்துக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். கோடையில் ககனசுக்கியும் பரசுக்கியும் நூலிழைகளாகத்தான் விழும். படத்தில் பார்த்த வெள்ளத்தை எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாறுவார். எனக்கோ கோடைதான் பிடித்திருக்கிறது. நீர் மறைத்திருந்த பாறைமுகம் முழுதும் அப்போதுதான் தெரியும். பரசுக்கியில் படியிறங்கி அடிவாரம் வரை போகலாம். ஏறுவது சிரமம், முழங்கால் வலி உள்ளவர்கள் மேலிருந்தே பார்க்கட்டும்.

அருவியைவிட அந்தத் தீவில் என்னை நிறுத்தியது மத்தியரங்கம். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆதிரங்கம், இங்கே மத்தியரங்கம், நம் ஸ்ரீரங்கத்தில் அந்தியரங்கம். ஒரே காவிரி மூன்று இடங்களில் இரண்டாகப் பிரிந்து தீவாக்கி, மூன்றிலும் அரங்கனைப் படுக்க வைத்திருக்கிறது. ஸ்ரீரங்கத்துக்குப் பலமுறை போனவர்கள் இங்கே ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். கூட்டமில்லாத சிறிய கோயில், நின்று நிதானமாகச் சேவிக்கலாம்.

அதே அருவியின் நீரில் 1902-இல் மின்சாரம் எடுத்து, சுமார் 147 கி.மீ. தூரத்துக்குக் கம்பி இழுத்துக் கோலார் தங்கவயலுக்குக் கொடுத்தார்கள். பெங்களூரின் தெருவிளக்குகளுக்கு அது வந்தது 1905-இல்தான். வட ஆற்காட்டிலிருந்தும் தருமபுரிப் பக்கத்திலிருந்தும் பிழைக்கப் போன தமிழ்க் குடும்பங்கள் இறங்கிய சுரங்கங்களை இயக்கியது இந்த நீர். மின்நிலையத்துக்குள் போக முன் அனுமதி வேண்டும். ககனசுக்கிப் பக்கத்துப் பார்வைமேடையில் நின்று பார்ப்பதே போதுமானது.

தலக்காடும் சோமநாதபுரமும் ஒரு முழுநாள். முகாமிலிருந்து போய்த் திரும்புவது வீண் அலைச்சல். இவற்றை ஊர் திரும்பும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், மைசூரில் ரயிலேறலாம். கொள்ளேகால் வழியாக வருகிறவர்கள் சிவனசமுத்திரத்தை வரும் நாளிலேயே முடித்துவிடலாம். அப்படிச் செய்தால் முகாமில் இருக்கும் நாட்கள் முழுதும் ஆற்றுக்கே மிச்சமாகும்.

தலக்காட்டுக்கு முதலில் போங்கள், காலையிலேயே. ஆற்று வளைவில் காற்று வாரிக்கொட்டிய மணலில் கோயில்கள் புதைந்து கிடந்த ஊர் இது. பத்து மணிக்கு மேல் அந்த மணலில் வெறுங்காலோடு நடக்க முடியாது. கங்கர்களின் தலைநகரமாக இருந்ததை 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர்கள் கைப்பற்றி ராஜராஜபுரம் என்று பெயரிட்டார்கள். பிறகு ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் மீட்டு, 'தலக்காடு கொண்டான்' என்று பட்டம் சூடிக்கொண்டான். தலக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் அரசருக்குப் பிள்ளை இல்லாமல் போகட்டும் என்று விஜயநகர அரசப் பிரதிநிதியின் மனைவி அலமேலம்மா சபித்த கதையை அங்கே எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வெயில் ஏறியதும் சோமநாதபுரம். 1258-இல் ஹொய்சளத் தளபதி சோமநாதன் கட்டிய கேசவர் கோயில். பேலூர், ஹளேபீடுவோடு சேர்த்து 2023-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. நட்சத்திர வடிவ மேடையைச் சுற்றி வந்து, யானை, குதிரை, கொடி, புராணக் கதைகள் என்று அடுக்கடுக்காகச் செதுக்கிய பட்டைகளைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். சிற்பிகள் தம் பெயரைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். மல்லிதம்மா என்ற பெயர் பலமுறை வருகிறது. வெளிச்சுற்று மண்டபத்தில் நல்ல நிழல், நடுப்பகலை அங்கே கழிக்கலாம்.

மேகதாது காலிபோரேயில் தங்குகிறவர்களுக்கு மட்டும். நம் பக்கம் ஆடுதாண்டும் காவிரி என்பார்கள். ஆறு முழுவதும் ஒரு குறுகிய கல்இடுக்கில் புகுந்து ஓடும். அந்தப் பாறைகள் வழவழப்பானவை, தடுப்பு எதுவும் இல்லாத ஓரங்கள் நிறைய. சிறு குழந்தைகளை அழைத்துப் போகாதீர்கள் என்பதே என் முடிவான கருத்து.

உடல்நலம்

தாகம் எடுக்குமுன் குடியுங்கள். தலைவலியும் குமட்டலும் வந்தால் நிழல், ஈரத்துணி, ஓ.ஆர்.எஸ். அதற்கும் அடங்காவிட்டால் மருத்துவமனை. கனகபுரா, மளவள்ளி இரண்டிலும் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. பாம்பு கடித்தால் கீறுவதோ இறுகக் கட்டுவதோ வேண்டாம். கடிபட்டவரை அசையவிடாமல் உடனே வண்டியில் ஏற்றுங்கள். 108-ஐ அழைக்கச் சமிக்ஞை கிடைக்காமல் போகலாம் என்பதால், போய்ச் சேர்ந்த உடனேயே அவசரத்துக்கு வண்டி யாருடையது என்று முகாம் மேலாளரிடம் கேட்டு வையுங்கள்.

குரங்குகள் கூடாரத்தின் ஜிப்பைத் திறக்கும். தின்பண்டத்தை உள்ளே வைக்காமல் சமையல்கூடத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.

கிளம்பும் காலையில் சீக்கிரம் எழுந்துவிடுங்கள். ஐந்தேமுக்காலுக்கு எதிர்மலையின் விளிம்பு மட்டும் வெளுத்திருக்கும், நீரின்மேல் மெல்லிய ஆவி படர்ந்திருக்கும். டம்ளரில் காப்பியோடு கரையில் போய் உட்காருங்கள். பெட்டியை முந்தின இரவே கட்டி வைத்திருந்தால், சிற்றுண்டி மணி அடிக்கும்வரை அந்த நேரம் உங்களுடையது.